மார்பக இம்ப்ளான்ட்: யாருக்கு எந்த சைஸ்? 'சி.சி.' கணக்கை எப்படி முடிவு செய்கிறார்கள்? முழு விளக்கம்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சைக்காக டாக்டரைப் பார்க்கப் போகும் பெண்களிடம் பெரும்பாலும் ஒரு கேள்விதான் முதலில் இருக்கும். "எந்த சைஸ் வெச்சா நல்லா இருக்கும்?" சிலர் செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று கேட்பார்கள். போட்டோவில் இருப்பவருக்கு 300 சி.சி. பொருந்தியிருக்கலாம். அதே 300 சி.சி. இன்னொருவர் உடம்பில் சின்னதாகத் தெரியும். மற்றொருவருக்கு முதுகுவலியைக் கொண்டுவரும்.

சென்னை, பெங்களூரு சமாச்சாரம் என்று நினைத்திருந்த இந்த சிகிச்சை பற்றி இப்போது சேலம், நாமக்கல் பக்கமும் பெண்கள் விசாரிக்கிறார்கள். புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்கள், இரண்டு மார்பகமும் வேறு வேறு அளவில் இருப்பவர்கள், திருமணத்துக்கு முன் தயக்கத்தோடு இருப்பவர்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். வீட்டில் வெளிப்படையாகப் பேச முடியாத விஷயம் என்பதால், பாதித் தகவலை வைத்து முடிவெடுத்துவிடும் ஆபத்து இதில் அதிகம்.

இம்ப்ளான்ட் சைஸை முடிவு செய்வது எது? தவறான சைஸ் வைத்தால் என்ன ஆகும்? அரசு மருத்துவமனையில் வழி இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் இது பேசுபொருளானது எப்போது?

2018 பிப்ரவரியில், வட சென்னையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சைக்கான தனி கிளினிக்கை அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கர் தொடங்கி வைத்தார். புற்றுநோயாளிகளுக்கான மறுசீரமைப்பு மட்டுமல்லாமல், மார்பக அளவை மாற்றும் அறுவை சிகிச்சையும் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்ற அறிவிப்பு, வெளிநாட்டு ஊடகங்கள் வரை செய்தியானது.

வசதி உள்ளவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் பெரிய தொகையைக் கடன் வாங்குவார்கள் அல்லது ஆபத்தான வழிகளைத் தேடிப் போவார்கள் என்பது அரசுத் தரப்பு வாதம். உயிர் காக்கும் சிகிச்சைகளுக்கே பணம் போதாதபோது அழகுக்காக செலவு செய்யலாமா என்ற எதிர்ப்பும் பொது சுகாதார வட்டாரத்தில் இருந்து வந்தது.

அந்த விவாதத்தில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. அந்த கிளினிக்குக்கு வருபவர்கள் எல்லோரும் பெரிதாக்க வருபவர்கள் இல்லை. மார்பகம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதால் தோள்வலி, முதுகுவலியோடு வாழ்பவர்களுக்கு அதைக் குறைக்கும் அறுவை சிகிச்சையும் அங்கே நோக்கமாக இருந்தது. அளவு கூடினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதற்கு அந்தப் பெண்களே சாட்சி. சைஸ் தேர்வு செய்யும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

இம்ப்ளான்ட் என்பது என்ன?

சிலிக்கோன் உறைக்குள் ஜெல் அல்லது உப்பு நீர் நிரப்பிய பை. அவ்வளவுதான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1962-ல் முதன்முதலாக சிலிக்கோன் ஜெல் இம்ப்ளான்ட் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ என்ற இரண்டு மருத்துவர்கள் அதைச் செய்தார்கள்.

இம்ப்ளான்டின் அளவை 'சி.சி.' கணக்கில் சொல்வார்கள். 1 சி.சி. என்பது 1 மில்லி. சுமார் 100 சி.சி. முதல் 800 சி.சி. வரை பல அளவுகளில் கிடைக்கிறது. எடையும் ஏறக்குறைய அதே எண்தான். 300 சி.சி. ஜெல் இம்ப்ளான்ட் கிட்டத்தட்ட 300 கிராம் இருக்கும்.

நாமக்கல் கணக்கில் சொன்னால், ஒரு முட்டை சுமார் 50 கிராம். அப்படின்னா 300 சி.சி. என்பது ஆறு முட்டை எடை. இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு டஜன் முட்டை. 500 சி.சி. என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கிலோ. இந்த எடையை மார்புத் தோலும் தசையும் இரவு பகலாக, வருஷக்கணக்கில் தாங்க வேண்டும்.

'கப் சைஸ்' சொன்னால் போதாதா?

போதாது. "பி கப்ல இருந்து டி கப் ஆகணும்" என்று கேட்பது சகஜம். ஆனால் கப் அளவு என்பது எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றாக இருக்கும் அளவு இல்லை. ஒரு கம்பெனியின் 'சி' இன்னொரு கம்பெனியில் 'டி' ஆக இருக்கும். 32 இன்ச் சுற்றளவுக்கான சி கப்பும், 38 இன்ச் சுற்றளவுக்கான சி கப்பும் கொள்ளளவில் ஒன்றே இல்லை.

'150 முதல் 200 சி.சி.க்கு ஒரு கப் கூடும்' என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கும் தோராயம்தான். மார்புக்கூடு குறுகலாக உள்ள பெண்ணுக்கு அதே 200 சி.சி. எடுப்பாகத் தெரியும். அகலமான மார்பு உள்ளவருக்கு அது பரவிப்போய் பெரிய வித்தியாசமே தெரியாது. அதனால் குறிப்பிட்ட கப் சைஸுக்கு எந்த டாக்டராலும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஜாக்கெட் தைக்கும் டெய்லர் எடுப்பது சுற்றளவு. டாக்டருக்குத் தேவைப்படுவது அகலம், தடிமன், தோலின் இழுவை. இரண்டும் வேற வேற கணக்கு.

டாக்டர் எடுக்கும் 5 அளவுகள்

1. மார்பக அடித்தள அகலம்: மார்பகம் மார்புக்கூட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அகலம், சென்டிமீட்டரில். சைஸ் தேர்வில் முதல் இடம் இதற்குத்தான். இம்ப்ளான்டின் அகலம் பொதுவாக இதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அக்குள் பக்கம் பிதுங்கும், அல்லது நடுவில் இரண்டு பக்கமும் நெருங்கி ஒட்டிக்கொண்டது போலத் தெரியும்.

2. தோலின் தடிமன்: மார்பகத்தின் மேல் பகுதியை விரலால் கிள்ளிப் பார்த்து அளப்பார்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், இம்ப்ளான்டின் விளிம்பு வெளியே தெரியக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு மார்புத் தசைக்குக் கீழே வைப்பதை டாக்டர்கள் பரிந்துரைப்பார்கள். ஒல்லியான பெண்களுக்கு இந்த அளவு ரொம்ப முக்கியம்.

3. தோலின் இழுவை: காம்புப் பகுதியை மெல்ல முன்னோக்கி இழுத்து, எத்தனை சென்டிமீட்டர் வருகிறது என்று பார்ப்பார்கள். குழந்தை பெற்றுப் பாலூட்டியவர்களுக்குத் தோல் தளர்ந்திருக்கும். இளம் பெண்களுக்கு இறுக்கமாக இருக்கும். இறுக்கமான தோலுக்குள் பெரிய இம்ப்ளான்டைத் திணித்தால் அழுத்தம் தசையிலும் நரம்பிலும் விழும்.

4. காம்பில் இருந்து மார்பகத்தின் கீழ் மடிப்பு வரை உள்ள தூரம்: இம்ப்ளான்ட் எந்த உயரத்தில் உட்காரும், மடிப்பைக் கீழே இறக்க வேண்டுமா என்பதை இது சொல்லும்.

5. கழுத்துக் குழியில் இருந்து காம்பு வரை உள்ள தூரம்: இரண்டு பக்கமும் தனித்தனியாக அளப்பார்கள். தொய்வு எவ்வளவு, இடது வலது வித்தியாசம் எவ்வளவு என்பது இதில் தெரிந்துவிடும். தொய்வு அதிகம் இருந்தால் இம்ப்ளான்ட் மட்டும் போதாது, தூக்கித் தைக்கும் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். தொய்வை மறைக்கப் பெரிய சைஸ் வைத்தால், எடை கூடி தொய்வும் கூடிப்போகும்.

இரண்டு மார்பகமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பது அரிது. வித்தியாசம் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு பக்கம் 250, மறுபக்கம் 300 என்று வெவ்வேறு சைஸ் வைப்பதும் உண்டு.

ஒரே அகலம், வேறு வேறு சி.சி. எப்படி?

இங்கேதான் 'ப்ரொஃபைல்' வருகிறது. இம்ப்ளான்ட் எவ்வளவு முன்னோக்கி எடுப்பாக இருக்கிறது என்பதே ப்ரொஃபைல். ஒரே அகலமுள்ள இரண்டு கிண்ணங்களில் ஒன்று ஆழம் குறைந்தது, இன்னொன்று ஆழமானது என்று வைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்.

உதாரணத்துக்கு, ஒரு பெண்ணுக்கு 11.5 சென்டிமீட்டர் அகல இம்ப்ளான்ட் பொருந்துகிறது. அதே அகலத்தில் குறைந்த ப்ரொஃபைல் எடுத்தால் 200 சி.சி. சுமாருக்கு வரும். உயர் ப்ரொஃபைல் எடுத்தால் 300 சி.சி.க்கு மேல் போகும். ஆக, அகலத்தை உடம்பு சொல்கிறது. அந்த அகலத்துக்குள் எவ்வளவு எடுப்பு வேண்டும் என்பதில்தான் பெண்ணின் விருப்பத்துக்கு இடம் இருக்கிறது.

வடிவத்திலும் உருண்டை, துளி வடிவம் என இரண்டு வகை உண்டு. துளி வடிவ இம்ப்ளான்ட் உள்ளே திரும்பிவிட்டால் மார்பகத்தின் தோற்றமே மாறிவிடும். உருண்டைக்கு அந்தப் பிரச்னை இல்லை.

வீட்டிலேயே பார்க்கும் 'அரிசி டெஸ்ட்'

அறுவை சிகிச்சைக்கு முன் சைஸ் எப்படி இருக்கும் என்று உணர ஒரு எளிய வழி உண்டு. மெல்லிய நைலான் சாக்ஸ் அல்லது துணிப் பையில் அரிசியை நிரப்பி, ப்ராவுக்குள் வைத்துப் பார்ப்பது. அளக்கும் கப்பில் 250 மில்லி கோடு வரை அரிசி எடுத்தால், ஏறக்குறைய 250 சி.சி. பருமன். இரண்டு பக்கமும் சேர்த்தால் அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு.

கண்ணாடி முன் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் பத்தாது. இரண்டு மூன்று நாள், வழக்கமாகப் போடும் ஜாக்கெட், சுடிதார் போட்டு, மாடிப்படி ஏறி இறங்கி, குனிந்து வேலை செய்து பார்க்க வேண்டும். கிளினிக்குகளில் இதற்கென்றே 'சைஸர்' என்ற மாதிரி இம்ப்ளான்ட்கள் இருக்கும். சில இடங்களில் முப்பரிமாண கேமரா வைத்து கம்ப்யூட்டரில் படமாகவும் காட்டுவார்கள்.

இதெல்லாம் ஒரு யோசனைக்குத்தான். ப்ராவுக்கு வெளியே தெரியும் பருமனும், தோலுக்கும் தசைக்கும் கீழே போன பிறகு தெரியும் பருமனும் ஒன்றாக இருக்காது. தசைக்குக் கீழே வைக்கும்போது கொஞ்சம் சின்னதாகவே தெரியும்.

சைஸ் மீறினால் என்ன ஆகும்?

மார்பகத் திசு மெலிந்துபோகும். இம்ப்ளான்டின் சுருக்கங்கள் தோலில் அலை அலையாகத் தெரியும். எடை தாங்காமல் இம்ப்ளான்ட் கீழே இறங்கி, காம்பு மேல்நோக்கிப் பார்க்கும் நிலை வரலாம். காம்பில் உணர்ச்சி குறையலாம் அல்லது போய்விடலாம். கழுத்து, தோள், முதுகுவலி வரலாம். மெலிந்துபோன திசு, இம்ப்ளான்டை எடுத்துவிட்டாலும் பழையபடி திரும்பாது என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம்.

மறுபக்கம், "இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாமோ" என்ற வருத்தமும் இருக்கிறது. இம்ப்ளான்ட் வைத்தவர்கள் மறுபடி ஆபரேஷனுக்கு வருவதற்கான காரணங்களில் சைஸ் மாற்றமும் ஒன்று. அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்கள் வீக்கம் இருக்கும். அது வற்றியதும் "குறைஞ்சு போச்சு" என்று தோன்றும். இம்ப்ளான்ட் இடத்தில் அமர்ந்து இறுதி வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். அதற்குள் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

செய்யும் வேலையையும் சேர்த்து யோசிக்கணும்

மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவரும், விசைத்தறிக் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று கை தூக்கி வேலை செய்பவரும் ஒன்று இல்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்கூடம், கோழிப்பண்ணையில் தீவன மூட்டை, வீட்டில் பால் கேன், குடிநீர்க் குடம் என்று தினமும் பாரம் தூக்கும் பெண்களுக்கு சைஸ் முடிவில் இது பெரிய விஷயம்.

தசைக்குக் கீழே வைத்த இம்ப்ளான்ட், கையை அழுத்தி வேலை செய்யும்போது தசையோடு சேர்ந்து அசையும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பாரம் தூக்காமல் இருக்க வேண்டிய காலம் பொதுவாக 4 முதல் 6 வாரம். அத்தனை நாள் லீவு கிடைக்குமா, குடம் தூக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத் தேதி குறிக்கும் முன்பே பேசி வைக்க வேண்டும். "என்ன வேலை செய்றீங்க?" என்று டாக்டர் கேட்காவிட்டாலும் பெண்ணே சொல்லிவிடுவது நல்லது.

புற்றுநோய்க்குப் பிறகு வைப்பவர்களுக்கு வேறு கணக்கு

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதல் இடத்தில் இருக்கிறது. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2020-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1.78 லட்சம் பேருக்குப் புதிதாக இது கண்டறியப்பட்டது.

மார்பகத்தை அகற்றியவர்களுக்கு சைஸ் கேள்வி "எவ்வளவு பெரிசு?" என்பதாக இருக்காது. "மறுபக்கத்தோட எப்படிப் பொருத்துறது?" என்பதுதான். அகற்றும்போது தோலும் போயிருந்தால், நேரடியாக இம்ப்ளான்ட் வைக்க இடம் இல்லாமல் போகலாம். அப்போது 'எக்ஸ்பாண்டர்' என்ற பையை உள்ளே வைத்து, சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு நீர் ஏற்றி, தோலை விரிவடையச் செய்வார்கள். தேவையான அளவு வந்ததும் அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளான்டை வைப்பார்கள்.

கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு இம்ப்ளான்டைச் சுற்றி உருவாகும் சவ்வு இறுகிக் கெட்டியாகும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு வயிறு அல்லது முதுகுப் பகுதியில் இருந்து சொந்தத் திசுவை எடுத்து மார்பகத்தை உருவாக்கும் முறை பொருத்தமாக இருக்கலாம். அறுவை சிகிச்சையே வேண்டாம் என்பவர்களுக்கு ப்ராவுக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம் இருக்கிறது. மார்பகம் இல்லாமல் அப்படியே இருப்பதும் ஒரு முடிவுதான். இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தவறு இல்லை.

முக்கியமான ஒன்று: மார்பகத்தை அகற்றும் ஆபரேஷனுக்கு முன்பே மறுசீரமைப்பு பற்றிப் புற்றுநோய் டாக்டரிடம் கேட்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் தோலை எவ்வளவு காப்பாற்றலாம் என்று அவர்களும் திட்டமிடுவார்கள். உயிர் பிழைத்தால் போதும், இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் தேவையில்லை.

திருநங்கையருக்கு?

திருநங்கையருக்கு மார்புக்கூடு அகலமாகவும், தோல் இறுக்கமாகவும், இரண்டு காம்புகளுக்கு இடையே தூரம் அதிகமாகவும் இருக்கும். அதனால் மற்றவர்களுக்குப் பொருந்தும் கணக்கை அப்படியே போட முடியாது. ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்கள், குறைந்தது ஓராண்டு எடுத்த பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் தோல் தளர்ந்து நல்ல வடிவம் கிடைக்கும் என்பது மருத்துவர்கள் பொதுவாகத் தரும் ஆலோசனை.

இம்ப்ளான்ட் பாதுகாப்பானதா? வரலாறு சொல்வது என்ன?

சிலிக்கோன் ஜெல் இம்ப்ளான்டைச் சுற்றி எழுந்த சந்தேகங்களால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1992-ல் அதன் பயன்பாட்டுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. பல ஆண்டு ஆய்வுகளுக்குப் பிறகு 2006-ல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

பிரான்சின் 'பிப்' நிறுவனம், மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானது. உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பெண்கள் அந்த இம்ப்ளான்டை வைத்திருந்தனர். நிறுவனர் ஜான்-குளோட் மாஸுக்கு 2013-ல் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2019 ஜூலையில், அலர்கன் நிறுவனம் தனது 'பயோசெல்' என்ற சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இம்ப்ளான்டைச் சுற்றி உருவாகும் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயுடன் அவற்றுக்குத் தொடர்பு இருப்பது தெரியவந்ததே காரணம். அப்போது உலகளவில் 573 பேருக்கு அந்தப் பாதிப்பு பதிவாகியிருந்தது. 33 பேர் இறந்திருந்தனர். எனவே சைஸோடு சேர்த்து, இம்ப்ளான்டின் மேற்பரப்பு வழுவழுப்பானதா, சொரசொரப்பானதா என்பதையும் கேட்க வேண்டும்.

2021-ல் அமெரிக்க நிர்வாகம் இம்ப்ளான்ட் பெட்டி விவரங்களில் கடும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க நிலைக்கும் பொருள் இல்லை என்பது அதில் முக்கியமானது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 5-ல் ஒருவர் வரை, 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் அதை அகற்ற வேண்டிய நிலை வரலாம் என்கிறது அந்த நிர்வாகம். ஜெல் இம்ப்ளான்ட் உள்ளே கிழிந்தால் வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கலாம். அதனால் 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் ஸ்கேன், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

வயசு, குழந்தை, தாய்ப்பால்

அழகுக்காக வைப்பதென்றால் உப்பு நீர் இம்ப்ளான்டுக்கு 18 வயது, சிலிக்கோன் ஜெல்லுக்கு 22 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மார்பக வளர்ச்சி முழுமையடைய வேண்டும் என்பதே காரணம்.

கர்ப்பமும் பாலூட்டலும் மார்பகத்தின் அளவை மாற்றிவிடும். விரைவில் குழந்தை பெறும் திட்டம் இருந்தால் தள்ளிப்போடுவது நல்லது. பாலூட்டுவதை நிறுத்திய பிறகும் சில மாதம் காத்திருந்து, அளவு நிலையான பின் அளவெடுக்க வேண்டும். இம்ப்ளான்ட் வைத்த பலரால் பாலூட்ட முடிகிறது. ஆனால் காம்பைச் சுற்றி வெட்டிச் செய்யும் முறையில் பால் நாளங்கள் பாதிக்கப்பட வாய்ப்பு கூடுதல்.

மேமோகிராம் எடுக்கும்போது இம்ப்ளான்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். திசுவை முன்னே இழுத்து எடுக்கும் கூடுதல் படங்கள் தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சின்ன மார்பகம் ஒரு நோய் இல்லை. பால் சுரப்பதற்கும் மார்பக அளவுக்கும் சம்பந்தம் இல்லை. "பால் பத்தாது", "மாப்பிள்ளை வீட்டில் சொல்வாங்க" என்று யாரோ சொன்னதற்காக ஆபரேஷன் டேபிளில் படுக்க வேண்டியதில்லை. மார்பகத்தை வளர்க்கும் என்று விற்கப்படும் க்ரீம், எண்ணெய், மாத்திரைகள் நிரந்தரமாகப் பெரிதாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

செலவு, காப்பீடு எப்படி?

அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்புக்கு விலக்கு உண்டு. ஜி.எஸ்.டி.யிலும் அழகு அறுவை சிகிச்சைக்கு மருத்துவ சேவைக்கான வரிவிலக்கு கிடையாது. அதனால் டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து, தியேட்டர், இம்ப்ளான்ட் விலை, வரி எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். மறு ஆபரேஷன் தேவைப்பட்டால் யார் செலவு என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். நகையை அடகு வைத்து முதல் ஆபரேஷனை முடித்துவிட்டு, இரண்டாவதுக்குத் திண்டாடும் நிலை வரக்கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகள் உண்டு. மறுசீரமைப்பில் எது எது அதில் வரும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கார்டைக் காட்டிக் கேட்கலாம். சேலம் பகுதி மக்கள் முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

யாரிடம் போவது?

எம்.எஸ். முடித்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பார்க்க வேண்டும். 'காஸ்மெடிக் நிபுணர்' என்ற போர்டு மட்டும் போதாது. பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. பியூட்டி பார்லரில் ஊசி போட்டுப் பெரிதாக்குகிறோம் என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. மார்பகத்தில் திரவ சிலிக்கோன் ஊசி போடுவது உயிருக்கே ஆபத்து.

சேலத்தில் இருந்து கோவைக்கும் பெங்களூருவுக்கும் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். ஆனால் காய்ச்சல், வீக்கம், சீழ் என்று வந்தால் ராத்திரி யாரைக் கூப்பிடுவது? தொடர் பரிசோதனைக்கு எத்தனை முறை போக வேண்டும்? ஊரைத் தேர்வு செய்யும் முன் இதைக் கேட்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

* என் மார்பக அடித்தள அகலம் எத்தனை சென்டிமீட்டர்? அதற்கு எந்த அகல இம்ப்ளான்ட்?
* நீங்கள் சொல்லும் சி.சி.யில் இருந்து ஒரு சைஸ் கூடினால், ஒரு சைஸ் குறைந்தால் என்ன வித்தியாசம் வரும்?
* தசைக்கு மேலேயா, கீழேயா? ஏன்?
* எந்த நிறுவனம், எந்த மேற்பரப்பு? இந்தியாவில் அனுமதி பெற்றதா?
* தொய்வுக்குத் தனி ஆபரேஷன் தேவையா?
* பிடிக்காவிட்டால் அல்லது சிக்கல் வந்தால் அகற்ற முடியுமா? அதன்பின் தோற்றம் எப்படி இருக்கும்?

அறுவை சிகிச்சை முடிந்ததும் இம்ப்ளான்ட் அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். நிறுவனத்தின் பெயர், சைஸ், வரிசை எண் அதில் இருக்கும். 2019-ல் நடந்தது போல ஏதாவது ஒரு ரகம் திரும்பப் பெறப்பட்டால், தன் உடம்பில் இருப்பது அதுதானா என்று கண்டுபிடிக்க உதவும் முக்கியமான ஆவணம் அது. ரேஷன் கார்டு, ஆதாரோடு சேர்த்து பத்திரமாக வைக்கலாம். செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.